வளைவில் நட்ட சூலம்

சின்னக்கா எதையும் நேராகக் கேட்கமாட்டார். கேட்டால்தானே இல்லை என்பார்கள் என்பது அவருடைய எண்ணம்.

சாவகச்சேரிச் சந்தையில், மீன் வாங்குகிறவர்களுக்கு அதை வெட்டிக் கழுவிக் கொடுப்பது அவருடைய தொழில். அதற்கு விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். வெட்டுக்கத்தியையும் பலகையையும் சாக்கில் சுற்றியபடி சந்தைப் பெண்கள் வீதியோரம் நிற்பதைக் கண்டால், சாரதி மறுபக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவான். மீன்வாடைக்கு மற்றவர்கள் முகம் சுளிப்பார்களாம். பெண்கள் கையை நீட்டினார்கள். திட்டினார்கள். ஒருநாள் கல்லும் எறிந்து பார்த்தார்கள். சின்னக்கா அடுத்த நாள் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி முன்னால் வந்து நின்றார். பஸ் நின்றது. எல்லோரும் ஏறினார்கள்.

மாதங்கள் போயின. அடுத்த வருடமும் பிறந்தது. சின்னக்காவின் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. நடத்துநரால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, உந்தப் பிள்ளை எப்பதான் பிறக்கும்? போன தீபாவளிக்கும் உப்பிடித்தானே நிண்டனீங்கள்?”

“உன்ரை பஸ் சும்மா நிக்கிற அண்டைக்குப் பிறக்கும் தம்பி. அதுவரைக்கும் உள்ளுக்கை இருக்கட்டும்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு சேலைச் சுருட்டு தேவைப்படவில்லை. எங்கள் குடியிருப்பில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். சின்னக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருட்டில் அவர் சேலையைச் சுருட்டிக் கட்டுவதை அம்மா பார்த்திருக்கிறார்.

சின்னக்கா என்பது பெயரல்ல. ஊரில் பெரியவர்களுக்கும் அவர் சின்னக்கா, சிறுவர்களுக்கும் சின்னக்கா. போர் முடிந்த பிறகு காணியில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த மணல் தரை ஒன்றில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. கணவர் போர்க்காலத்திலேயே இல்லாமல் போனவர். சின்னக்கா இப்போது வவுனியாவில், மகள் முறையான ஒரு பெறாமகளோடு இருக்கிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைக்கிறேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்ததும் அவர்தான். அதுவும் கேட்காமல் செய்த வேலை. என் அப்பா மேசன்மாருக்குக் கையாளாகப் போகிறவர். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, “கை உரத்திட்டுது, இனிச் சீமெந்து தூக்கலாம்” என்று என் தோளைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். அம்மா அழுதார். ஆசிரியர் ஒருவர் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார். அப்பா அசையவில்லை.

சின்னக்கா வந்து ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வேலையால் வந்து முற்றத்தில் இருக்கிற நேரம் பார்த்து, ஏதாவது ஒரு கடுதாசியைக் கொண்டு வருவார். ஒருநாள் மருந்துப் பெட்டி. ஒருநாள் கரண்ட் பில். ஒருநாள் மீன் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு.

“ராசா, இதை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு.”

நான் சத்தமாக வாசிப்பேன். சின்னக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பாமலே சொல்வார்: “அண்ணையின்ரை வீட்டுக்கு வந்தால்தான் எங்களுக்குக் கண் தெரியுது.” இப்படிச் சில வாரங்கள். அப்பா சீமெந்துப் பேச்சை விட்டுவிட்டார். பின்னேரம் யாராவது படலையைத் திறந்தால், “உவன் உள்ளுக்கைதான் இருக்கிறான், கடுதாசியைக் குடுங்கோ” என்று அவரே கூப்பிடத் தொடங்கினார்.

நான் பிறகு கேட்டேன்: “அக்கா, அண்டைக்கு நீங்கள் தந்தது ஆரின்ரையோ மரண அறிவித்தல். அதுவும் பழசு.”

“எனக்கென்ன தெரியும்? வாசிக்கத் தெரிஞ்சவன் நீ.”

போகும்போது நின்று சொன்னார்: “இல்லையெண்டு சொல்லிப் பழகின வாயள் மோனை. கேக்காதை. தாங்களாவே தர வை.”

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் பிரதான வீதியால் அரைமணி நேரம் நடக்கவேண்டும். சைக்கிள் உள்ள பிள்ளைகள், இல்லாத ஒருவரைப் பாரிலும் இன்னொருவரைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். முன்பு அந்த வீதி முழுக்கக் குண்டும் கிடங்கும். மணல் ஏற்றிய ரிப்பர் லொறிகள் ஆமை மாதிரி வரும். நாங்கள் அவற்றோடு பந்தயம் விட்டு வெல்வோம். பிறகு தார் ஊற்றி வழவழவென்று வீதிக்குக் காப்பெற் போட்டார்கள். முதல்நாள் பின்னேரம் ஊரே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தது. அடுத்த கிழமையிலிருந்து ரிப்பர்கள் பறக்கத் தொடங்கின.

வழியில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால். மறுபக்கம் பாலைமரம் ஒன்றும், தாருக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மணற்கீற்றும். பிள்ளைகள் நடக்கவும் சைக்கிளை உருட்டவும் அந்தக் கீற்றுத்தான் இருந்தது. வளைவில் வருகிற வாகனம், பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். அங்கேதான் எங்கள் குடியிருப்பின் சின்னப்பிள்ளை ஒன்றை ரிப்பர் தட்டியது. உயிர் தப்பியது. கால் நேராகவில்லை.

அந்தக் கிழமையே எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். என் தங்கச்சி அப்போது நாலாம் வகுப்பு. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். “ரிப்பருக்குக் குடுக்கவோ பெத்தனான்?” என்று அம்மா படலையைக் கட்டிவிட்டார். பெடியன்கள் தொடர்ந்து போனோம். நாங்கள் ஓடித் தப்புவோம் என்று நினைத்தார்களோ, போனால் போகட்டும் என்று நினைத்தார்களோ தெரியாது.

அப்பாவும் வேறு சிலரும் வேகத்தடை போடச் சொல்லிக் கேட்க, வீதிக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு வெளிக்கிட்டார்கள். சின்னக்காவையும் கூப்பிட்டார்கள்.

“நீங்கள் போட்டு வாங்கோ. வரேக்கை எனக்கு ரெண்டு வெத்திலை வாங்கி வாங்கோ. அதாவது கையிலை வரும்.”

பிரதான வீதியில் தடை போடச் சட்டம் இடம் தராது என்று கந்தோரில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். கொஞ்ச நாளில், மெதுவாகப் போகும்படி ஒரு பலகை வந்தது. ரிப்பர்கள் கிளப்பிய புழுதியில் அந்த எழுத்து மங்கியது. அப்பா மறக்காமல் வெற்றிலை வாங்கி வந்திருந்தார்.

அதற்குப் பிறகு சின்னக்கா ஒரு கலியாண வீட்டுக்கு, முறிகண்டிப் பிள்ளையார் கோவிலைத் தாண்டி வவுனியா போய் வந்தார். வந்த அன்று பின்னேரம் எங்கள் வீட்டுத் திண்ணைக் குந்தில் இருந்து அம்மாவிடம் கேட்டார்: “ஏன் பிள்ளை, முறிகண்டியிலை எங்கையாவது வேகத்தடை கண்டனியே?”

“இல்லையே அக்கா.”

“நிக்காமல் போற வாகனம்?”

“பிள்ளையாருக்கு நிக்காமல் எந்த டிரைவர் போவான்? என்ன கதை கதைக்கிறியள்?”

“சும்மா கேட்டனான்” என்று சின்னக்கா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்தார்.

சில நாட்களின் பின் ஒரு காலை, எங்கள் கடைக்கார மாமியிடம் சின்னக்கா ஒரு கனவைச் சொன்னார். சிவப்புப் பட்டு உடுத்த ஒருவர் நாயோடு வந்து, “பாலையடியிலை கிடக்கிறன், பிள்ளையள் என்னை மிதிச்சுக்கொண்டு போகுதுகள்” என்றாராம். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ” என்று கேட்டுக்கொண்டு சின்னக்கா பஸ் ஏறிவிட்டார். கடைக்கார மாமியிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் குடியிருப்பே பாலையடியில் நின்றது. மண்ணைக் கிளறினார்கள். கறள் பிடித்த ஒரு சூலம் வந்தது.

அதைக் கழுவி நிமிர்த்தி வைத்தார்கள். எங்கிருந்தோ நாய்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டம். சூலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மணந்தன, நக்கின, கலைத்தாலும் போகவில்லை. நாய் வைரவரின் வாகனம் அல்லவா? பெண்கள் அந்த மணலிலேயே விழுந்து கும்பிட்டார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கிய சின்னக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“சீ, உது சும்மா கனவு. விடுங்கோ. எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை” என்று அவர் கையை உதறினார். அவர் உதற உதற, அவர்களுக்கு நம்பிக்கை இறுகியது.

முதலில் ஒரு ரிப்பர்க்காரன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். மற்றவன் இறங்கி ஒரு நாணயம் வைத்தான். பிறகு எல்லா வாகனமும் வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, ஊர்ந்து வந்து, நெஞ்சில் கையை வைத்துவிட்டுத்தான் போயின. தேங்காய் உடைப்பவர்களும் வந்தார்கள். தேங்காய்ச் சொட்டுப் பொறுக்கிக் கடித்துக்கொண்டு போவதற்காகவே பிள்ளைகள் நேரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டார்கள். பெண்பிள்ளைகளும்தான். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு காலையில் அம்மா தானாகவே தங்கச்சிக்கு இரட்டைப் பின்னல் பின்னி, ரிபன் கட்டிவிட்டார். ரிப்பர் ஒன்று நின்று கற்பூரம் கொளுத்தினால், தங்கச்சி முன்னுக்கு நின்று கத்துவாள்: “வைரவர் மறிச்சிட்டார், ஓடுங்கோடி!”

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. சூலத்தை நிமிர்த்திய அன்று நானும் அதைப் பிடித்தேன். கையில் வந்த வாடை எனக்குப் பழக்கமான வாடை.

“அக்கா, உண்மையிலை கனவு வந்ததோ?”

“சோதினைக்குப் படியடா. வைரவர் வந்து உனக்குக் கேள்வி சொல்லித்தர மாட்டார்.”

நான் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தடை போட்டால் நாளைக்கு ஒருத்தன் வந்து கிண்டி எடுத்துப்போடுவான். சூலத்தைக் கிண்ட ஆருக்குத் துணிவு வரும்? சொல்லு பாப்பம்.”

அன்றைக்கு அதை எவ்வளவு பெரிய கெட்டித்தனமாக நினைத்தேன்! மூலையில் சிரித்துக்கொண்டு நின்ற எங்கள் இருவருக்கும், அந்தக் கேள்வியை ஒருநாள் வேறு மாதிரிக் கேட்கவேண்டி வரும் என்று தோன்றவில்லை.

மணல் ஏற்றும் முதலாளி ஒருவர் இருந்தார். அந்த வீதியில் ஓடிய ரிப்பர்களில் பாதி அவருடையவை. அவருக்கு ஏதோ ஒரு வழக்கு வென்றதாம். நேர்த்திக்கடனுக்குப் பாலையடியில் சீமெந்து மேடை கட்டி, மேலே கூரையும் போட்டுவிட்டார். அதைப் படம் பிடித்து யாரோ வெளிநாட்டுக்கு அனுப்ப, அங்கிருந்து ஒருவர் மணி அனுப்பினார், இன்னொருவர் மண்டபத்துக்குத் தூண் அனுப்பினார். பரிபாலன சபை வந்தது. முதலாளியே தலைவர். வெள்ளிக்கிழமைகளில் ஐயர் வந்தார், ஒலிபெருக்கி வந்தது, வடைமாலை வந்தது. சந்தையால் இறங்கி நேரே கும்பிட வந்த சின்னக்காவைச் சபைக்காரர் ஒருவர் படிக்கு வெளியே நிறுத்தினார்.

“அக்கா, மச்சம் வெட்டிப்போட்டு வாறனீங்கள். வெளியிலை நிண்டு கும்பிட்டாலும் வைரவர் கோவிக்கமாட்டார்.”

“அதுவும் சரிதான் தம்பி. நான் கிட்ட வந்தால் நாயள் வந்திடும்.”

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னக்காவும் சிரித்தார். கோவில் வளர்ந்ததைப் பற்றி அவருக்கு அப்போது கவலை இருக்கவில்லை. பெரிய கோவில் என்றால் பெரிய பயம், வாகனம் இன்னும் மெல்லப் போகும் என்று நினைத்தார்.

நடந்தது வேறு. கோவில் பெரிதாக, வைரவர் பழகிப்போனார். பஸ்ஸை நிறுத்தாமலே நடத்துநர் நாணயத்தை எறிவான். ரிப்பர்க்காரர் ஒருமுறை கோர்ண் அடிப்பார்கள், அதுவே கும்பிடு. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பிள்ளைகளின் மணற்கீற்றில் வாகனத்தை நிறுத்தினார்கள். பின்னால் வருகிற வாகனங்கள், நிற்கிற வாகனங்களைச் சுற்றி வளைவின் நடுவால் போயின. பிள்ளைகள் தாரில் இறங்கி நடந்தார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். தங்கச்சி சைக்கிள் ஓடப் பழகி, ஓ.எல். சோதனை எழுதும் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அந்தச் சோதனை எழுதப்போகும் முதல் பெண்பிள்ளை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, கோவிலுக்குச் சுற்றுமதில் கட்டுவது பற்றிக் கூட்டம் கூடியது. வீதி வரைக்கும் மதில். பாலைமரத்தையும் மணற்கீற்றையும் உள்ளே எடுத்து, தாரின் விளிம்போடு மதில் எழும்பும். சுவாமி உள்வீதி சுற்ற இடம் வேண்டுமாம். சின்னக்கா குளித்துத் தலை ஈரத்தோடு வந்து கடைசியில் நின்றார். தலைவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“ஐயா, அது வைரவர் இல்லை. நான் கொண்டு வந்து தாட்ட இரும்பு.”

யாரோ சிரித்தார்கள்.

“பழைய இரும்புக்கடையிலை வாங்கினனான். மீன்தண்ணிக்குள்ளை ஊறப்போட்டுக் கறள் ஏத்தினனான். விடியப்புறம் பஸ்ஸுக்குப் போகேக்கை தாட்டனான். கனவும் இல்லை, ஒண்டும் இல்லை. நாய் வந்தது மீன்வாடைக்கு. ரிப்பர் மெல்லப் போகட்டும், பிள்ளையள் பள்ளிக்கூடம் போகட்டும் எண்டுதான் செய்தனான். இப்ப மதில் வந்தால் பிள்ளையளுக்கு நடக்க இடம் இல்லை. மதிலை உள்ளுக்கை தள்ளிக் கட்டுங்கோ.”

தலைவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அக்கா, ஒண்டு கேக்கிறன். உந்த யோசனையை உங்கடை தலைக்குள்ளை ஆர் போட்டது?”

“நான்தான் யோசிச்சனான்.”

“சரி, நீங்கள் யோசிச்சியள். அண்டைக்கு அந்த இரும்புக்கடையிலை சூலம் கிடந்ததே, அதை ஆர் கொண்டு வந்து போட்டது? நாயைக் கூப்பிட்டது ஆர்? அவர் தன்ரை இடத்துக்கு வர ஒரு கை தேடியிருக்கிறார். மச்சம் வெட்டுற கையெண்டும் பாராமல் பிடிச்சிருக்கிறார் பாத்தியளே!”

கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி வந்து சின்னக்காவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “குடுத்துவச்சனீங்கள் அக்கா.”

நான் எழும்பினேன். “அவ சொல்லுறது உண்மை. எனக்கு முந்தியே தெரியும். வைரவர் எப்பிடி வந்தவரோ இருக்கட்டும், மதிலைக் கொஞ்சம் உள்ளுக்கை கட்டினால் என்ன? றோட்டோரம் கோயிலின்ரை காணியும் இல்லை.”

“தம்பி, கம்பஸ் போய் நாலு புத்தகம் படிச்ச உடனை சாமியின்ரை காணியை அளக்க வெளிக்கிட்டியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.  திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டார்: “ஏனக்கா அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?”

சின்னக்கா அம்மாவைப் பார்த்தார். ஈரத் தலையை முடிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

மதில் எழும்பியது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள்.

அந்த நாட்களில்தான் சின்னக்கா கேட்கத் தொடங்கினார். கந்தோருக்குப் போய்க் கேட்டார். பொலிஸில் கேட்டார். தேர்தலுக்கு வந்தவர்களிடம் கேட்டார். ஒரு இடத்துக்கு நானும் கூடப் போனேன். மேசைக்கு முன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். “மதிலை இடியுங்கோ” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எதிரில் இருந்தவர் நல்ல மனிதர். “கோயில் விசயம் அம்மா. அதிலை ஆர் கை வைப்பான்?” என்றார். வெளியே வந்து படியில் இருந்த சின்னக்கா, “வடிவாக் கேட்டனானே?” என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். உண்மையில், அவ்வளவு மோசமாக ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பஸ்ஸைச் சிரிக்க வைத்து நிறுத்திய வாய் அது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், மதிலுக்கும் மினிபஸ்ஸுக்கும் இடையில் தங்கச்சியின் சைக்கிள் அகப்பட்டது. ஹாண்டில் மதிலில் உரஞ்ச, அவள் விழுந்தாள். வலது கை முறிந்தது. சோதனை அடுத்த மாதம்.

நான் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா கட்டிலின் ஒரு பக்கம் இருந்தார். மறுபக்கம், சந்தையில் இருந்து அப்படியே ஓடி வந்த சின்னக்கா, கட்டிலில் முட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றார். அம்மா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“வைரவர்தான் அக்கா. பஸ் சில்லு தலைக்குக் கிட்டவாம் நிண்டது. அவர் இல்லாட்டி என்ரை பிள்ளை இண்டைக்கு இல்லை.”

“பிள்ளை, அந்த மதில் இல்லாட்டி…”

“மதிலிலை சாய்ஞ்சபடியால்தானே றோட்டு நடுவுக்கை விழேல்லை? மதிலும் அவர்தானே அக்கா.” அம்மா கண்ணைத் துடைத்தார். “ஆனா இனி விடமாட்டன். ஒருக்கால் காப்பாத்திப்போட்டார். திரும்பத் திரும்ப அவரைச் சோதிக்கக்கூடாது. படிச்சது காணும்.”

விண்ணப்பித்தால், அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி உதவலாம், சோதனையை விடத் தேவையில்லை என்று நான் சொன்னேன். நானே கூட்டிக்கொண்டு போய்வருகிறேன் என்றேன்.

“நீ எத்தினை நாளைக்கு நிப்பாய்? அதுக்குப் பிறகு ஏ.எல்., அது இது எண்டு அந்த வளைவாலை ஆர் போறது?”

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. தலையணையில் தலையைத் திருப்பிச் சின்னக்காவைப் பார்த்தாள்.

“சின்னக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா.”

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. சின்னக்காவுக்கும் விளங்கியிருக்கும். ஒரு கனவு போதும். சிவப்புப் பட்டு உடுத்தவர் வந்து, பிள்ளையைச் சோதனை எழுத விடச் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா அந்த நிமிடமே எழுந்து புத்தகத்தை எடுத்து வந்திருப்பார். நாலு எழுத்துப் படித்தவன் நான். பகுத்தறிவு என்றெல்லாம் கட்டுரை எழுதியவன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று, சின்னக்கா வாய் திறந்து ஒரு பொய் சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

சின்னக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்த கையை மணந்து பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார். பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, உவளை எழுத விடு. இத்தினை வருசத்திலை உன்னட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை. இதைக் கேக்கிறன்.”

அம்மா அவருடைய கையை விடவே இல்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

“வேறை என்னவெண்டாலும் கேளுங்கோ அக்கா.”

கேட்பதற்குச் சின்னக்காவிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.